ஓட்டுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? காலநிலை, தேர்தல், நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காலநிலை மாற்றம் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. குடியிருப்போர் நலச் சங்கமோ, கல்லூரியோ, கிராம நூலகமோ, பேச்சு ஏரியில் ஆரம்பித்து எப்படியும் அரசியலில் வந்து நிற்கும். அந்த இடத்தில் பலருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில்களைத் தொகுத்திருக்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அரசியல் பேசாமல் ஒரு அடிகூட நகர முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

காலநிலை மாற்றம்னா அறிவியல் விஷயம்தானே? இதுல அரசியல் எங்கே வந்துச்சு?

பூமி ஏன் சூடாகிறது என்பதை அறிவியல் சொல்லும். அடுத்த அனல்மின் நிலையம் வேண்டுமா, சதுப்பு நிலத்தில் கட்டடம் வரலாமா, நகரத்துக்கு எத்தனை பேருந்து என்பதையெல்லாம் அரசுதான் முடிவு செய்கிறது.

எண்ணூருக்குப் போய்ப் பார்த்தால் இது கண்ணால் தெரியும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய் நிறுவனங்கள். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் பல வருடங்கள் ஒழுகின. ஆற்றடியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களின் விரலில் சேற்றோடு சாம்பலும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அந்த ஆற்றில் கலந்து, வலையும் படகும் கறுத்துப்போயின. அங்கே நிற்கும் ஒவ்வொரு ஆலைக்கும் பின்னால் ஒரு அனுமதிக் கடிதமும் ஒரு வரைபடமும் ஒரு அரசாணையும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவை நாம் தேர்ந்தெடுத்த அரசுகள்.

தேர்தலே இப்போது வெயிலில் சிக்கிக்கொண்டிருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டத்தில், ஜூன் 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் இறந்ததாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார்.

நான் துணிப்பை எடுத்துட்டுப் போறேன், ஏசியை 26-ல வைக்கிறேன். இது போதாதா?

செய்யுங்கள், நல்லது. ஆனால் உங்கள் வீட்டு பிளக்கில் வரும் கரண்ட் எதிலிருந்து வருகிறது என்பதை உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தியாவில் தயாராகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. அதை மாற்றும் சுவிட்ச் எந்த வீட்டிலும் இல்லை.

'என்னால் எவ்வளவு கார்பன்' என்று தனிமனிதர் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை 2004 வாக்கில் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியதே பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனம்தான். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இணையத்தில் ஒரு கருவியையும் அவர்களே வைத்தார்கள். எண்ணெய் எடுப்பவரைப் பார்க்க வேண்டிய கண்கள், பெட்ரோல் போடுகிறவரின் பக்கம் திரும்பின. இதைத் தெரிந்துகொண்டு துணிப்பையை எடுத்துப்போவது வேறு, தெரியாமல் எடுத்துப்போவது வேறு.

அப்போ நாங்க செய்றதெல்லாம் வீண்னு சொல்றீங்களா?

இல்லை. வீட்டில் செய்கிறவர்தான் வெளியிலும் கேட்பார் என்பது என் அனுபவம். வீட்டோடு நின்றுவிட்டால் போதாது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

'அமைப்பு மாற்றம்'னு சொல்றீங்க. கேக்க நல்லா இருக்கு. நிஜத்துல எப்படி இருக்கும்?

ஆளாளுக்குத் தனியாகச் செய்வதை விட்டு, சட்டத்தாலும் அரசுத் திட்டத்தாலும் எல்லோருக்கும் சேர்த்து மாற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறேன். நாம் ஏற்கெனவே பார்த்த ஒன்றையே உதாரணம் சொல்கிறேன். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. செய்யாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று அதில் இருந்தது. மொட்டை மாடிக் குழாயைக் கீழே இறக்கி, குழி தோண்டி, அடியில் கருங்கல் ஜல்லி, மேலே மணல் போட்டு மூடினார்கள். மழைநீரைச் சேமியுங்கள் என்று பள்ளிச் சுவர்களில் எத்தனையோ வருடமாக எழுதியிருந்தோம். சுவர் வாசகத்தால் நடக்காதது சட்டம் வந்த சில மாதங்களில் தெருவுக்குத் தெரு நடந்தது. சென்னையில் பல இடங்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததை அப்போது எல்லோரும் பேசினார்கள்.

அதே கதையின் இரண்டாம் பாதியையும் சொல்லியாக வேண்டும். குழிகளை யாரும் தூர்வாரவில்லை. மணல் இறுகி அடைத்தது. அதிகாரிகள் வந்து பார்ப்பது நின்றது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சட்டம் போடவும் அரசியல் வேண்டும், அது செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளவும் அரசியல் வேண்டும்.

வேறு இடங்களில் இருந்தும் சொல்லலாம். ஓசோன் படலத்தைக் காப்பாற்றியது, அதை அரிக்கும் வாயுக்களை நாடுகள் சேர்ந்து கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம். அந்த வாயு இருந்த ஸ்பிரே டப்பாவைத் தவிர்த்த நல்ல மனிதர்களால் மட்டும் அது நடந்திருக்காது. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்குத் தனி அமைப்பு உருவாக்கி, கடலோரம் முழுக்கப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியது. 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்னதாகவே இடம் மாற்றினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. சுமார் 300 ரூபாய் விற்ற எல்இடி பல்பை 2015-க்குப் பிறகு அரசே மொத்தமாக வாங்கி 70 ரூபாய் அளவில் கொடுத்ததும் இந்த வகைதான். 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின.

அமெரிக்காவும் சீனாவும் புகையைக் கக்குறாங்க. நாம மட்டும் ஏன் கஷ்டப்படணும்?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு இந்தியருக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஒரு அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். தொழிற்புரட்சிக் காலத்தில் இருந்து கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பணக்கார நாடுகள் முதலில் குறைக்க வேண்டும், ஏழை நாடுகளுக்குப் பணமும் தர வேண்டும் என்று இந்தியா கேட்பது சரிதான். ஆனாலும் மொத்த அளவில் இன்று நாம் உலகில் மூன்றாவது இடம். 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளியிடும் அளவு கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சிக் கணக்கைச் சமன் செய்வோம் என்று உலக அரங்கில் சொல்லியிருக்கிறோம். சொன்னதைக் கண்காணிப்பது நம் வேலை.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உமிழ்வைக் குறைப்பது உலகம் முழுக்கச் சேர்ந்து செய்வது. வேளச்சேரியில் தண்ணீர் வடிவதும், கட்டட வேலை செய்கிறவருக்கு மதியம் நிழல் கிடைப்பதும் அப்படி இல்லை. அவற்றை வாஷிங்டனோ பெய்ஜிங்கோ வந்து செய்யாது. அமெரிக்காவைக் காரணம் காட்டி உங்கள் தெரு வடிகாலைத் தள்ளிப்போடுகிற எந்த அரசியல்வாதியையும் விடாதீர்கள்.

எங்க ஊர்ல யாரும் காலநிலைக்காக ஓட்டுப் போடுறதில்லையே. அப்புறம் கட்சிகள் ஏன் கண்டுக்கும்?

கருத்துக்கணிப்புகளில் வேலையின்மையும் விலைவாசியும்தான் முன்னால் நிற்கின்றன, உண்மை. ஆனால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே காலநிலை ஒளிந்திருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதில் அதற்கு முந்தைய வெயிலுக்கும் மழைக்கும் பங்கு உண்டு. 2024-ல் மேட்டூர் அணையில் தண்ணீர் போதாமல், வழக்கமான ஜூன் 12 போய் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். குறுவைக்குக் காத்திருந்த டெல்டா விவசாயி அதைத் தண்ணீர்ப் பிரச்சினை என்பார், கடன் பிரச்சினை என்பார்.

அதனால் 'காலநிலைக்காக ஓட்டுப் போடுங்கள்' என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. குடிதண்ணீருக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், வெயிலில் போன கூலிக்கும் ஏற்கெனவே ஓட்டுப் போடுகிறார்கள். அவற்றின் வேர் எங்கே இருக்கிறது, எந்த அலுவலகத்தில் தீர்வு கிடைக்கும் என்று சேர்த்துச் சொல்வதுதான் நம் வேலை.

வெள்ளத்தப்போ அவ்வளவு கோபப்படுற ஜனங்க, தேர்தல் வந்தா மறந்துடுறாங்களே?

மறதி என்று மக்களைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, நிவாரணம் கண்ணுக்குத் தெரியும், தடுப்பு தெரியாது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கையில் கிடைத்தது. அது தேவைதான், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சரியான அளவில் போட்ட ஒரு வடிகாலால் வீட்டுக்குள் வராமல் போன தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை, அதற்கு யாரும் நன்றி சொல்வதும் இல்லை. அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் 2009-ல் இதையே எழுதினார்கள். நிவாரணச் செலவுக்கு வாக்காளர் பரிசு தருகிறார், முன்தயாரிப்புச் செலவுக்குத் தருவதில்லை. முன்தயாரிப்புக்குச் செலவழித்த ஒரு டாலர் பிற்காலத்தில் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பதும் அவர்கள் கணக்கு. அரசியல்வாதி எதற்கு ஓட்டு கிடைக்குமோ அதைத்தான் செய்வார்.

இரண்டு, யாரைத் தண்டிப்பது என்றே தெரிவதில்லை. தென்சென்னையில் ஒரு தெருவில் தண்ணீர் நின்றால், வடிகால் மாநகராட்சியுடையது, ஏரியும் மதகும் நீர்வளத் துறையுடையது, பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது பெருநகர வளர்ச்சிக் குழுமம், பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பகுதி வனத் துறையிடம். அந்தச் சதுப்பில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் அது பல மடங்கு பெரிதாகப் பரந்து கிடந்தது. குப்பைமேடும் சாலையும் அலுவலகக் கட்டடங்களும் பல ஆட்சிகளில் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றன. ஆளுக்கு ஒரு துண்டுப் பொறுப்பு என்றால் தேர்தலில் யாருமே பொறுப்பாளி ஆக மாட்டார்கள். எனவே 'வெள்ளம் வந்ததே' என்று கேட்காமல், 'இந்தக் கால்வாயை இந்த வருடம் தூர்வாரினீர்களா' என்று பெயர் சொல்லி, துறை சொல்லிக் கேளுங்கள்.

ஓட்டுக்குக் காசு வாங்குற ஊர்ல இதைப் பேசி என்ன பிரயோஜனம்?

பணப் பட்டுவாடாவைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தலையே நிறுத்திவைக்கிற அளவுக்கு அது போயிருக்கிறது.

ஆனால் காசு வாங்கியவர் கொடுத்தவருக்கே போட்டார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வாக்கு ரகசியம், அந்தத் திரைக்குள் அவர் சுதந்திரமானவர். ஆர்.கே.நகரில் தேர்தல் நின்ற அதே 2017-ல்தான் நெடுவாசலில், நிலத்தடியில் இருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகச் சாதாரண விவசாயக் குடும்பங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தன. அந்த மாதிரிப் போராட்டங்களின் அழுத்தத்தால்தான் 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏழைகளுக்கு அரசியல் உணர்வு இல்லை என்று கார் வைத்திருப்பவர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வாக்குப்பதிவு சதவீதத்தை எடுத்துப் பார்த்தால் தலைகுனிய வேண்டியவர்கள் யார் என்று தெரியும். 2024-ல் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். மத்திய சென்னையில் 54-தான்.

சுத்தி வளைக்காம, எந்தக் கட்சிக்குப் போடலாம்னு சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன். எப்படிப் பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். தேர்தல் அறிக்கையில் 'சுற்றுச்சூழல் பாதுகாக்கப்படும்' என்ற வரியைத் தாண்டிப் போங்கள். ஊர் பெயர் இருக்கிறதா? எத்தனை கோடி, எந்த வருடத்துக்குள் என்று இருக்கிறதா? அதே அறிக்கையில் வேறு பக்கத்தில் ஏரிக்கு நடுவே சாலை போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்களா? முரண்பாடு பெரும்பாலும் 'தொழில் வளர்ச்சி', 'உள்கட்டமைப்பு' பக்கங்களில்தான் இருக்கும். அவற்றை முதலில் படியுங்கள்.

அடுத்து வேட்பாளர். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ என்ன கேள்வி கேட்டார், எந்த மசோதாவுக்குக் கை தூக்கினார் என்று தேடலாம். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு விவரங்கள் இருக்கும். மணல், கல்குவாரி, ரியல் எஸ்டேட் தொழிலில் அவருக்கோ குடும்பத்துக்கோ பங்கு இருக்கிறதா என்பதை அதில் இருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

எல்லாரும் ஒண்ணுதான். நோட்டாவுக்குப் போட்டா?

'எந்த வேட்பாளரும் வேண்டாம்' என்று பதிவு செய்யும் நோட்டா, 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த உரிமை, போடலாம். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து அதிக வாக்கு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். எதிர்ப்பு பதிவாகும், முடிவு மாறாது.

என் ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது?

2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓட்டுப் போடப் போகாதவர்களே அதைவிட அதிகம் இருப்பார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பகுதித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவில் 2019-20-ல் காடுகள் பயங்கரமாக எரிந்தன. 2022 மே தேர்தலில், காலநிலையை முன்னால் வைத்து நின்ற சுயேச்சைகள் ஆறு பேர், ஆண்டுகொண்டிருந்த கூட்டணியின் வசதியான நகரத் தொகுதிகளில் புதிதாக ஜெயித்தார்கள். நிதியமைச்சராக இருந்தவரே தன் தொகுதியை இழந்தார். ஆட்சி மாறியது. 2030-க்குள் உமிழ்வை 43 சதவீதம் குறைக்கும் இலக்கு அதே ஆண்டு சட்டமானது. அந்தத் தொகுதிகளில் பல வருடங்கள் ஒரே கட்சிக்குப் போட்டுப் பழகியவர்கள் மாற்றிப் போட்டதால் வந்த விளைவு அது.

எம்.பி.யைக் கேக்குறதா, எம்.எல்.ஏ.வைக் கேக்குறதா, கவுன்சிலரைக் கேக்குறதா?

நிலக்கரி, பெரிய கனிமங்கள், ரயில், சுற்றுச்சூழல் சட்டங்கள் என்றால் நாடாளுமன்றம். மின்வாரியம், பேருந்து, அணை, ஏரி, நில வகைப்பாடு எல்லாம் மாநிலம். மழைநீர் வடிகால், குப்பை, தெருமரம், பூங்கா ஆகியவை மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து.

நாம் அதிகம் அலட்சியப்படுத்துவது கடைசி அடுக்கைத்தான். சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபரோடு மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் 2019 வறட்சி, 2021 வெள்ளம் இரண்டையும் இந்த நகரம் கவுன்சிலரே இல்லாமல் சந்தித்தது. அத்தனை வருடம் கழித்து வந்த தேர்தலிலும் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 44 சதவீதம். நகரத்தில் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதில் முதல் வார்த்தை சொல்ல வேண்டிய மன்றத்துக்கு நாம் கொடுத்த கவனம் இவ்வளவுதான். தேசியத் தலைவர் யார் என்று வாரக்கணக்கில் விவாதிக்கிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்களுடைய வார்டு எண்ணை.

கிராம சபைத் தீர்மானம் போட்டா யார் மதிக்கிறாங்க?

தீர்மானம் போட்டதாலேயே ஒரு மத்திய அரசுத் திட்டம் சட்டப்படி நின்றுவிடாது. காட்டில் வாழும் மக்களுக்கு அந்த நிலத்தில் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் அதன் பலம் அதிகம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

மற்ற இடங்களில் தீர்மானம் ஒரு ஆரம்பம். மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றிச் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலம் போய்விட்டது என்ற செய்தி 2024 நவம்பரில் வந்தது. 2022-லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரில் இருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஊர்கள் ஒன்றாக நின்றதால் எந்தக் கட்சியாலும் எதிர்ப்பக்கம் நிற்க முடியவில்லை.

இதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு கட்டமும் உண்டு. இத்தகைய முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விட வழிசெய்த சட்டத் திருத்தம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அப்போது எத்தனை பேர் தங்கள் எம்.பி.யிடம் அதைப் பற்றிக் கேட்டோம்? தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆபத்து வந்த பிறகு மட்டும் போகாமல் எல்லா நாளும் போங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகணுமா? முடிவை முன்னாடியே எடுத்துட்டாங்கனு சொல்றாங்களே.

போங்கள். ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் உள்ளூர் மக்களைக் கேட்கும் கூட்டம் அது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும், பேசியதெல்லாம் பதிவாக வேண்டும், அதைக் கூட்டத்திலேயே படித்துக்காட்ட வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி கிடையாது. அதாவது நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. நேரில் போக முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

உங்கள் பேச்சு கூட்டத்தோடு முடிவதில்லை. பிற்பாடு சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போகும்போது அந்தப் பதிவுதான் ஆதாரம். 'இந்த இடத்தில் ஓடை இருக்கிறது, அறிக்கையில் அதைக் காணோம்' என்று சர்வே எண்ணோடு ஒருவர் சொன்ன ஒற்றை வாக்கியம், பத்து நிமிடக் கோஷத்தைவிட அங்கே கனமானது.

கோர்ட் பாத்துக்காதா?

2024-ல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளில் இருந்து விடுபட்டு வாழ்வது அரசியலமைப்பின் 14, 21-ஆவது பிரிவுகளில் அடங்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய விஷயம். ஆனால் நீதிமன்றம் பட்ஜெட் போடாது, பேருந்து வாங்காது. மழைநீர்க் குழி பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஆணை இருந்தும் பராமரிப்பு இல்லை என்றால் மணல் இறுகத்தான் செய்யும்.

எனக்கு வேலை வேணும். சுற்றுச்சூழல்னு ஃபேக்டரியை மூடச் சொல்றீங்களே, சோறு யார் போடுவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரை எதிரியாகப் பார்க்கிற சூழலியல் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதில் இருந்து சுரங்கம், அனல்மின் நிலையம் என்று தலைமுறைகள் அதை நம்பி வாழ்கின்றன. நிலம் கொடுத்துவிட்டு வேலைக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன. நாளைக்கே மூடு என்றால் இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

கேட்க வேண்டியது வேறு. நிலக்கரி குறையப் போகிறது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு, அதிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, என்ன பயிற்சி, எந்த வேலை, எந்த வருடத்தில்? ஓய்வூதியம் என்ன ஆகும்? காற்றாலை, சூரிய மின்சாரம் வரும் இடங்களில் மேய்ச்சல் நிலம் போகிறவருக்கு என்ன பங்கு? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வைத்திருக்கும் கட்சி எது என்று தொழிற்சங்கங்களே கேட்க ஆரம்பித்தால் தேர்தல் பேச்சே மாறும்.

ஜனநாயகம் ரொம்ப மெதுவா போகுது. கண்டிப்பான ஒருத்தர் வந்தா டக்குனு செஞ்சுட மாட்டாரா?

படித்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். நம் அரசியலமைப்பில் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்ற 48ஏ பிரிவு 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் சேர்ந்தது. அதே காலத்தில் டெல்லியில் ஏழைகளின் குடிசைகள் கேட்க ஆளில்லாமல் இடிக்கப்பட்டன. எதிர்ப்புக் குரல் இல்லாத அரசு நல்லதையும் வேகமாகச் செய்யும், தப்பையும் வேகமாகச் செய்யும். தப்பை நிறுத்தத்தான் அங்கே வழியிருக்காது. சோவியத் ஆட்சியில் பருத்திக்காக இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஏரல் கடலையே வற்றவிட்டார்கள். இன்றைய சீனா உலகிலேயே அதிகமாகச் சூரியத் தகடு பதிக்கிறது, உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிப்பதும் அதுவே.

எண்ணூரில் சாம்பல் கொட்டுவதை முதலில் சொன்னது மீனவர்கள். சொன்னதால் அவர்கள் சிறைக்குப் போகும் நாட்டில், ஆற்றில் என்ன நடக்கிறது என்று அதிகாரத்துக்கே தெரியாது.

தேர்தல் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடுவுல என்ன பண்றது?

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருக் கால்வாய், ஊர் ஏரி, பேருந்துத் தடம், ஏதோ ஒன்று. அதற்குக் கடந்த மூன்று வருடங்களில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த தாளோடு கிராம சபைக்கோ, நகரமென்றால் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக்கோ போங்கள். தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேரையும் கூட்டிப்போங்கள். கூட்டமாகப் போனால் நாற்காலியில் இருப்பவர் பேசும் விதமே வேறு.

வெயிலையும் இதில் சேருங்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் வெயிலால் இறந்தார் என்று பதிவானால்தான் அது கிடைக்கும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அப்படிப் பதிவு செய்கிறார்களா என்பது, வட்டார அளவில் யாருமே கேட்காத, கேட்க வேண்டிய கேள்வி.

எனக்கு 17 வயசு. இப்பவே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 17 முடிந்தவுடனேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். முன்பு ஜனவரி 1-ஆம் தேதியில் 18 ஆகியிருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நாள்தான் கணக்கு. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு நாள்கள். வீட்டில் வாடகைக்கு இடம் மாறியவர்கள் இருந்தால் அவர்களுக்குப் படிவம் 8. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவித்த பிறகு தேடாமல் இந்த வாரமே பாருங்கள், வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் சேர்த்து.